கோணல் பேட்ஜ்

“அந்த நடு பேட்ஜைக் கழட்டித் திருப்பிக் காட்டுப்பா.”

வெர்னீஸ் இதைச் சொன்னபோது கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பூட்ஸில் ஒட்டியிருந்த பனி சமையலறைத் தரையில் கரைந்து மேஜைக்காலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா ரூஃபஸ் பிக்கன்ஸ் கீரைக் கிண்ணத்தின் மேல் குனிந்திருந்தார். பிட்ட சோளரொட்டி கையிலேயே நின்றது. அடுப்பருகில் அம்மா லூவீனியா வாணலியிலிருந்த மீனைத் திருப்பிப் போடவில்லை. ஒரு பக்கம் கருகும் வாசனை வந்தது.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வெர்னீஸ் கேட்டதெல்லாம் கிடைத்த பிள்ளை. சைக்கிள் கேட்டாள், கிடைத்தது. காலேஜ் கேட்டாள், அப்பா ஞாயிற்றுக்கிழமையும் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குப் போய் வேலை பார்த்து அனுப்பினார். அம்மா வழி, அப்பா வழி, மிசிசிப்பியில் மிச்சமிருக்கும் சொந்தம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். ஆனால் முன்னறையில் மாட்டியிருக்கும் துணியின் நடுவிலுள்ள பேட்ஜைக் கழற்றச் சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது லூவீனியா அவள் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொல்லியிருந்தாள். மற்றது எது வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே, எப்போதும்.

சோபாவுக்கு மேலே மாட்டியிருந்தது பவுண்டரிக்காரர்கள் நெருப்புப்பொறி படாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் தடித்த துணி. அதில் நானூற்றுச் சொச்சம் பேட்ஜ்கள், சட்டையில் ஊசியால் குத்திக்கொள்ளும் தகர வட்டங்கள். சங்கத்தின் மாதச் சந்தா பேட்ஜ்கள் வரிசையாக. தெற்கே கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யப் போன பிள்ளைகள் குத்தியவை. குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தத்தில் அணிந்தவை. திராட்சைத் தோட்டக் கூலிகளுக்காக ‘திராட்சை வாங்காதே’ என்று ஒன்று. கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்று. ரூஃபஸ் முப்பத்தேழு வருஷமாகச் சேர்த்தவை. பழைய சாமான் சந்தை, செத்தவர்கள் வீட்டு முற்றத்தில் நடக்கும் விற்பனை, சர்ச் நிலவறை ஏலம் என்று அவர் எங்கே போனாலும் வெர்னீஸ் கூடவே போவாள். பேட்ஜின் விளிம்பு மடிப்பை விரலால் தடவியே போலியைச் சொல்லிவிடுவாள். நிஜமான பழசில் துரு மாவு மாதிரி விரலில் ஒட்டும், புதிதாக அடித்துப் பழசென்று விற்பதில் ஒட்டாது. வியாபாரிகள் அவள் வருவதைக் கண்டால் சில தட்டுகளைத் துணி போட்டு மூடுவார்கள்.

வடக்கே எங்கள் ஸாகினா ஊரில் பேட்ஜ் என்பது அழகுக்குக் குத்துவது இல்லை. பவுண்டரிகள் மூன்று ஷிப்ட் ஓடிய காலத்தில் மாதாமாதம் சங்க பேட்ஜின் நிறம் மாறும். பிப்ரவரிக்கு மஞ்சள் என்றால் மார்ச்சுக்குப் பச்சை. சந்தா கட்டியவன் தொப்பியில் அந்த மாத நிறம் இருக்க வேண்டும். கேட்டில் சங்கத்து ஆள் நின்று பார்ப்பான். நிறம் தப்பினால் அத்தனை பேர் முன்னாலும் பேச்சு வாங்க வேண்டும். அதனால் உள்ளே போனவன் தன் பேட்ஜைக் கழற்றி வேலி இடுக்கு வழியாக, சந்தா கட்டாமல் வெளியே நிற்கிற சிநேகிதனுக்குக் கொடுப்பான். கொடுத்தது பல நேரம் திரும்பி வராது. ஆகவே பேட்ஜ் கைக்கு வந்ததும் எல்லோரும் ஆணியை எடுத்து அதன் முதுகில் தங்கள் ஆள் நம்பரைக் கீறிவிடுவார்கள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். இன்றைக்கும் எங்கள் ஊரில் பேட்ஜ் வாங்குகிறவர்கள் அதன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் திருப்பி முதுகைப் பார்ப்பார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் நாற்பத்தொரு பேர் சங்கத்தைக் கேட்காமல் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். எல்லோரும் கறுப்பர்கள். சூடு ஆறாத வார்ப்பை மண்ணிலிருந்து உடைத்து எடுக்கும் கொட்டகையில் கறுப்பர்களை மட்டும்தான் போடுவார்கள். புழுதி கூரை வரை நிற்கும், காற்றாடி கிடையாது. ஒருநாள் அங்கே ஒருவன் மயங்கி விழுந்தான். இரும்பு ஊற்றி முடியும் வரை அவனைத் தூக்க விடவில்லை. மறுநாள் அந்த நாற்பத்தொரு பேர் வரவில்லை. சர்ச் நிலவறையில் ரகசியமாக ஒரு பேட்ஜ் அடித்தார்கள். வெள்ளைத் தகரத்தில் கறுப்பு எழுத்து, ‘எங்களுக்கும் காற்று’. சங்கம் ஒப்புக்கொள்ளாத ஸ்டிரைக், கம்பெனி நிரூபித்தால் வேலை போகும். வெளியே தெரியாமல் கோட்டின் உள்மடிப்பில் குத்த வேண்டிய பேட்ஜ் அது. கைக்கு வந்ததும் நாற்பத்தொரு பேரும் என்ன செய்தார்கள்? ஆணியை எடுத்து முதுகில் நம்பரைக் கீறினார்கள்.

அந்த வாரம் இடுப்பளவு பனி. ஆறாவது நாள் காற்றாடி வைக்கிறோம் என்று கம்பெனி இறங்கி வந்தது. உள்ளே போனவர்கள் அத்தனை பேரும் பனியில் வர முடியவில்லை என்றே சொன்னார்கள். கம்பெனியும் நம்பியது போல இருந்துவிட்டது. ஒரே ஒருவனை மட்டும் கேட்டில் நிறுத்தினார்கள். டெல்மஸ் ஹார்க்கி, ஆள் நம்பர் 1183. கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. டெல்மஸுக்கு அதன் பிறகு இந்த ஊரில் எந்தப் பவுண்டரியும் வேலை கொடுக்கவில்லை. பீட்ரூட் வயலில் குனிந்தான், பள்ளிக்கூடம் கூட்டினான், ஐம்பத்தொரு வயதில் செத்துப்போனான்.

இப்போது சங்கக் கட்டடச் சுவரில் அந்த நாற்பத்தொரு பேரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வைக்கப் போகிறார்கள். சனிக்கிழமை திறப்பு. கமிட்டித் தலைவர் வில்பர்ட் ஸ்னீட் ஐம்பத்தேழில் இந்த ஊரிலேயே இல்லை. நானும் அன்றைக்கு வெளியே வந்தேன் என்று கிளம்பியவர்களை எண்ணினால் இருநூறு தாண்டும். அதில் ஒருவன் அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தவன். அதனால் ஸ்னீட் ஒரு சட்டம் போட்டார். பேட்ஜைக் கொண்டு வா, பெயரைச் சேர்க்கிறேன். உயிரோடிருப்பவர்கள் மூன்றே பேர். ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது, மற்ற இருவரும் அடுத்த ஷிப்ட், இந்த ஷிப்டில் யார் யார் வெளியே வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. விதவைகளும் பிள்ளைகளும் டப்பாவைத் துழாவி எடுத்து வந்தார்கள். ஸ்னீட் ஒவ்வொன்றையும் திருப்பி நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டார். நாற்பது சேர்ந்தது.

நாற்பத்தொன்றாவது ரூஃபஸ் வீட்டுச் சுவரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரே வந்தார். சோபாவில் உட்கார்ந்து லூவீனியாவின் கேக்கைத் தின்றுகொண்டே தலையைத் திருப்பி மேலே பார்த்தார், அதோ இருக்கிறதே என்றார், பெயரை எழுதிக்கொண்டு போனார். ஊரிலுள்ள பேட்ஜையெல்லாம் திருப்பிப் பார்த்த மனிதர் இதைத் திருப்பவில்லை. நானூறு பேட்ஜ் வைத்திருக்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? ரூஃபஸ் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று கேட்டார்.

பெயர்ப் பட்டியலையும் ஒரு சிறு புத்தகத்தையும் டைப் அடிக்கும் வேலை வெர்னீஸுக்கு வந்தது. சரித்திரம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கிற பெண்ணுக்கு இந்த மாதிரி கௌரவமான, கூலியில்லாத வேலைகள் தேடி வரும். செவ்வாய்க்கிழமை அவள் சங்கக் கட்டடத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது டெல்மஸின் மனைவி ஆர்டெல்லா வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேராக வந்திருந்தாள், தலையிலிருந்த வலைத்தொப்பியைக்கூட எடுக்கவில்லை. ஸ்னீட் அவளிடம் பேட்ஜ் எங்கே சிஸ்டர் என்றார். இல்லை என்றாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே சிஸ்டர் என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

ஆர்டெல்லா போகவில்லை. வெர்னீஸின் மேஜையில், புத்தக அட்டைக்காக எடுத்த போட்டோ கிடந்தது. அப்பாவின் துணி, அத்தனை பேட்ஜும் தெளிவாக. அதன் நடுவில் விரலை வைத்தாள்.

“அந்த நாப்பத்தொண்ணையும் கையால அழுத்தி அடிச்சவ நான்” என்றாள். “ஒண்ணுல ஸ்வெட்டர் கை மாட்டி எழுத்து கோணலா விழுந்துருச்சு. கோணலை அடுத்தவனுக்குக் குடுக்க முடியுமா? எம் புருஷனுக்குக் குடுத்தேன். இந்தா, இது கோணலா இருக்குது பாத்தியா? உங்கப்பனைத் திருப்பிக் காட்டச் சொல்லு. பதினொண்ணு எம்பத்திமூணு இல்லைன்னா நான் வந்து உங்க வீட்டை ஒரு வருஷத்துக்குத் துடைச்சுக் குடுக்கறேன்.”

இரண்டு நாள் வெர்னீஸால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குழந்தையிலிருந்து பார்த்த பேட்ஜ். அது கோணல் என்று அவளுக்குத் தெரியும். பழசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். துருவைத் தடவி ஊரிலுள்ள போலியையெல்லாம் பிடிக்கத் தெரிந்தவளுக்கு வீட்டில் மாட்டியிருந்தது தெரியவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் வியாழக்கிழமை பிற்பகல் அவளைச் சமையலறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

“கோட்டைக் கழட்டிட்டு உக்காரு” என்றார் ரூஃபஸ். “சாப்புட்டுப் பேசலாம்.”

“அஞ்சு மணிக்குப் பேரு பொறிக்கறவன்கிட்ட லிஸ்டைக் குடுக்கணும். இப்ப மூணரை.”

“லிஸ்ட்தான் அடிச்சு முடிச்சிட்டியே.”

வெர்னீஸ் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். கூரை விளிம்பிலிருந்து பனிக்கட்டி உடைந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மார்ச் மாதம் எங்கள் ஊரில் எதுவும் உறைந்தும் இருக்காது, உருகியும் முடிந்திருக்காது. ஆற்றில் பாளம் பாளமாகக் கட்டி நகர்ந்து பாலத்தில் முட்டும். ரூஃபஸ் பேச்சை அந்தப் பக்கம் இழுத்தார். இந்த வருஷம் தண்ணீர் ஏறும், நிலவறையில் இருக்கும் பெட்டிகளை மேலே எடுத்து வைக்க வேண்டும், ஹோரஸ் சனிக்கிழமை வந்தால் அவனை விட்டு எடுக்கச் சொல்லலாம் என்றார். ஹோரஸ் மூத்த மகன், ஹூஸ்டனில் இருக்கிறான். அப்பா பெயரைச் சுவரில் பார்க்கப் பிள்ளைகளோடு விமானத்தில் வருகிறான்.

“அப்பா” என்றாள் வெர்னீஸ். “எழுத்து கோணலா இருக்கு.”

“இருந்தா?”

“கோணலா அடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்.”

ரூஃபஸ் ரொட்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தார். இருமினார். அந்த இருமல் பவுண்டரியில் முப்பத்திரண்டு வருஷம் சேர்த்தது, ஆரம்பித்தால் முடிய நேரமாகும். சட்டைப்பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். முடிந்ததும் லூவீனியா பக்கம் பார்த்தார், அவள்தான் சொல்லிவிட்டாள் என்பது போல.

லூவீனியா அடுப்பை அணைத்தாள். கருகின மீனைத் தட்டில் எடுத்து வைத்தாள். “மிஸ்டர் பிக்கன்ஸ்” என்றாள். அவள் அவரை அப்படிக் கூப்பிடுவது சாவு வீட்டிலும் கோபத்திலும்தான். “எந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வாங்க.”

“நீயுமா?”

“எடுத்துட்டு வாங்க. எனக்கும் வயசு அறுபது ஆகப்போகுது.”

அவர் போனார். சோபா ஸ்பிரிங் அவர் கால் பட்டு முனகுவது கேட்டது. வெகுநேரம் எடுத்தது. முப்பத்தேழு வருஷம் குத்தியிருந்த ஊசி துணியோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. மற்ற பேட்ஜ்களையெல்லாம் மகள் கேட்டபோதெல்லாம் கழற்றிக் கழற்றி அவற்றின் ஓட்டைகள் பெரிதாகியிருந்தன. இதற்கு மட்டும்தான் ஓட்டை சின்னது. திரும்பி வந்து மேஜையில், மிளகாய்ச்சாறு பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். முகம் மேலே இருந்தது.

“திருப்பு.”

“நீயே திருப்பிப் பாத்துக்க.”

“நான் திருப்ப மாட்டேன். நீ திருப்பு.”

அவர் கை மேஜைமேல் கிடந்தது. விரல்களில் பழைய தீக்காயத் தழும்புகள். அது நகரவில்லை. லூவீனியா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாணலியில் மீனைத் திருப்புவது போல நகத்தால் நெம்பி அதைப் புரட்டினாள்.

1183. ஆணியால் வளைவு போட வராது. அதனால் எட்டை இரண்டு சின்னச் சதுரமாகக் கீறியிருந்தான் டெல்மஸ்.

சொல்ல ஆரம்பித்ததும் ரூஃபஸ் நிறுத்தாமல் சொன்னார், யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போல. அவரும் டெல்மஸும் மிசிசிப்பியில் ஒரே ஊர். ஒரே ரயிலில், ஒரே டப்பாவில் கோழி வறுவலைப் பங்கிட்டுத் தின்றுகொண்டு வடக்கே வந்தவர்கள். ஸ்டிரைக்கில் டெல்மஸ் சேர்ந்தான், இவர் சேரவில்லை. லூவீனியாவுக்கு எட்டு மாதம், ஹோரஸ் வயிற்றில். பனியைச் சாக்கு வைத்து இவர் வீட்டில் இருந்தார். வேலைக்கும் போகவில்லை, வெளியே வந்தவர்களோடும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் சோளமாவைத் தவிர ஒன்றுமில்லை. சர்ச்சில் ஸ்டிரைக்காரர்களுக்கு வெள்ளை பீன்ஸும் பன்றிக்கொழுப்பும் மூட்டையாகக் கொடுத்தார்கள். பேட்ஜைக் காட்டினால் ஒரு மூட்டை.

“அவன்தான் குடுத்தான்” என்றார். “‘எங்க மூட்டையை ஆர்டெல்லா வாங்கிட்டா, இதைக் காட்டி நீ ஒண்ணு வாங்கிக்க, வாங்கிட்டு பேட்ஜைக் கொண்டாந்து குடு’ன்னான். வாங்கினேன். அன்னிக்கு ராத்திரியே கொண்டு போயிக் குடுத்திருக்கணும். பனி கொட்டுது. காலையில குடுக்கலாம்னு கோட்டுக்குள்ளயே விட்டுட்டேன்.”

காலையில் கம்பெனி லாரி தெரு முனையில் வந்து நின்றது. தண்டவாளப் பக்கத்துக் கேட் வழியாக உள்ளே வருகிறவனுக்கு இரட்டைக் கூலி என்றார்கள். அவர் ஏறினார். அந்தக் கோட்டோடுதான் ஏறினார்.

“போனது நான் சொல்லித்தான்” என்றாள் லூவீனியா. யாரையும் பார்க்காமல் சொன்னாள். “லாரி சத்தம் கேட்டு இவரை எழுப்பி விட்டதே நான்தான்.”

உலைக்குப் பக்கத்தில் வெக்கை தாங்காமல் ரூஃபஸ் கோட்டைக் கழற்றி உதறியிருக்கிறார். பேட்ஜ் தரையில் விழுந்து உருண்டிருக்கிறது. போர்மேன் எடுத்தான். அவனுக்கும் எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியும். முகத்தைப் பார்க்கவில்லை, திருப்பினான். இது உன் நம்பர் இல்லையே என்றான். நம்பரைச் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டான். பேட்ஜை இவர் மேலேயே வீசினான்.

“‘கீழ கெடந்துச்சு, யாருதுன்னு தெரியல’ன்னு சொல்லியிருந்தாப் போதும்” என்றார் ரூஃபஸ். “எழுதிக்கிட்டு நிக்கறான். நான் பாத்துக்கிட்டு நிக்கறேன். வாய் வரல.”

“டெல்மஸ் கேக்கலையா?”

“ஒரு தடவை கேட்டான். பனியில விழுந்திருச்சுன்னேன். ஏப்ரல்ல பனி உருகினதும் மூணு ஞாயித்துக்கிழமை ரோட்டோரக் கால்வாயில தேடினான். எவனோ எடுத்துக் கம்பெனியில குடுத்துட்டான், குடுக்கலைன்னா இங்கதான் கெடக்கும், கெடைச்சுட்டா எவன் மேலயும் சந்தேகப்பட வேண்டாம்ல, அப்படின்னான். நானும் கூடத் தேடினேன்.”

வெர்னீஸ் நடப்பதை நிறுத்தினாள். “கூடத் தேடினியா?”

“ஆமா.”

“அப்ப பேட்ஜ் எங்க இருந்துச்சு?”

அவர் நெஞ்சுப் பக்கம் சட்டைப்பையைத் தொட்டார். இப்போது மருந்துக் குழல் இருக்கும் பை.

இந்த வீட்டில் வெள்ளை பீன்ஸ் சமைத்து வெர்னீஸ் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வாயு என்று அம்மா சொல்லுவாள். எத்தனையோ பொய்களில் அது ஒன்று என்று இப்போது தெரிந்தது. அதைவிட வேறொன்று அவளை அதிகமாக அறுத்தது.

“தூக்கிப் போட்டிருக்கலாம்ல. எதுக்கு மாட்டி வெச்ச?”

“ஆத்துல போடலாம்னு ரெண்டு தடவை பாலத்துக்குப் போனேன். ஒரு தடவை ஆறு உறைஞ்சு கெடந்துச்சு.”

“இன்னொரு தடவை?”

“உறையல.”

“வீட்டுக்குள்ள கண்ணுல படற மாதிரி வெச்சிருந்தா எவனாவது பாத்துருவான்” என்றாள் லூவீனியா. “ஒளிச்சு வெச்சா நானே தெனம் எடுத்துப் பாப்பேன். அப்பத்தான் சந்தையில இருந்து பத்து வாங்கிட்டு வந்து சுத்திக் குத்தினாரு. ஒண்ணு இருந்தா வர்றவன் எல்லாம் இது ஏதுன்னு கேப்பான். நானூறு இருந்தா எவன் கேக்கறான்? டெல்மஸ் வீட்டாளுங்களை அதுக்கப்புறம் நாங்க உள்ள கூப்பிட்டதே இல்லை. பிற்பாடு நெஜமாவே பைத்தியம் புடிச்சுப் போச்சு, அது வேற.”

வெர்னீஸ் முன்னறைப் பக்கம் பார்த்தாள். அவள் பிள்ளைப்பருவத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் அந்தத் துணியில் இருந்தன. அவளே பேரம் பேசி வாங்கியது, அவளே குப்பைத்தட்டில் கண்டெடுத்தது, காய்ச்சலில் கிடந்தபோது அவர் கழற்றி உள்ளங்கையில் வைத்தது. அத்தனையும் இந்த ஒன்றுக்கு வேலி. நடுவில் இப்போது வட்டமாக வெள்ளைத் திட்டு, மற்ற இடமெல்லாம் பழுப்பு.

“கருங்காலி” என்றாள்.

அந்த வார்த்தையை எங்கள் ஊரில் குடிகாரன்கூடச் சும்மா சொல்ல மாட்டான். ரூஃபஸ் அடி வாங்கியவர் போலக் கண்ணை மூடித் திறந்தார். லூவீனியா மேஜையில் ஓங்கித் தட்டினாள். மிளகாய்ச்சாறு பாட்டில் குதித்து நின்றது.

“அந்தக் கருங்காலிச் சம்பளத்துலதான்டி நீ படிச்சே. மறந்துறாத. இவரு வேலை போயிருந்தா நீயும் ஆர்டெல்லா மகளாட்டம் ஓட்டல்ல படுக்கை விரிச்சுக்கிட்டிருப்ப.”

“தெரியும்” என்றாள் வெர்னீஸ். “அதான் எரியுது. ஆர்டெல்லா மகளும் நானும் ஒரே கிளாஸ். கணக்குல அவ என்னை விடக் கெட்டிக்காரி. அவளுக்குப் போக வேண்டிய காலேஜுக்கு நான் போயிட்டு வந்திருக்கேன். அங்க போயி என்ன படிச்சேன் தெரியுமா? தொழிலாளர் சரித்திரம். கட்டுரை எழுதி முதல் மார்க் வாங்கினேன். எதைப் பத்தி? எங்கப்பன் சேர்த்த பேட்ஜைப் பத்தி.”

கூரையிலிருந்து ஒரு பெரிய கட்டி விழுந்து படியில் சிதறியது.

பிறகு ரூஃபஸ் பேரம் பேசினார். சந்தையில் பேசுவது போலவே தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல் பேசினார். சனிக்கிழமை மட்டும் போகட்டும் என்றார். ஹோரஸ் டிக்கெட் எடுத்துவிட்டான், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தானே ஆர்டெல்லா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அது முடியாதென்றால் தான் செத்த பிறகு எடுத்துக்கொள்ளச் சொன்னார், அதிக நாள் ஆகாது என்று நெஞ்சைக் காட்டினார். வேண்டுமானால் இரண்டு பெயரும் இருக்கட்டுமே, நாற்பத்திரண்டு என்று இருந்தால் யார் எண்ணப் போகிறார்கள் என்றார்.

“பித்தளையில பொறிச்சதை ஞாயித்துக்கிழமை எப்படிப்பா அழிப்ப?”

“உம் பேரும் பிக்கன்ஸ்தான்மா. அதை யோசி.”

அவள் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடினார், லூவீனியா எடுத்துக் கொடுத்தாள். ரூஃபஸ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. பாதிக்கு மேலே டெல்மஸ் ஹார்க்கி என்ற இடத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கி, தன் பெயர் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய், அதைத் தாண்டி, கடைசி வரை போய்த் திரும்பியது.

“எப்ப அடிச்சே?”

“நேத்து.”

“நம்பரைப் பாக்காமயேவா?”

“நாப்பத்தொண்ணையும் அடிச்சவங்க சொல்லிட்டாங்க. எனக்கு அது போதும். ஸ்னீடுக்குத்தான் போதாது.”

“பின்ன எதுக்கு வந்து கழட்டு, திருப்புன்னு உசுரை எடுத்தே?”

“நீயா கழட்டுவியான்னு பாக்க வந்தேன்” என்றாள். “நீயா திருப்புவியான்னு.”

அவர் தாளை மறுபடி மடித்தார். மடிப்பு பழைய மடிப்பிலேயே விழுமாறு நகத்தால் நீவிக் கொடுத்தார். பேட்ஜை அவர் தொடவில்லை. அவளே எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, வலதுகையால் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டாள். லூவீனியா தரையில் கிடந்த பனித்தண்ணீரைத் துணி போட்டுக் காலால் துடைக்க ஆரம்பித்தாள்.

“ஹோரஸுக்கு நான் போன் பண்ணி என்ன சொல்ல?” என்றாள், தலை குனிந்தபடியே.

“நடந்ததைச் சொல்லு. அவன் வயித்துல இருந்தப்போ நடந்ததுதானே.”

கதவைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே வந்தது. வெர்னீஸ் ஒரு படி இறங்கியிருப்பாள்.

“நீசி” என்றார் ரூஃபஸ் உள்ளேயிருந்து. சின்னப்பிள்ளையில் கூப்பிட்ட பெயர். அவள் நின்றாள், திரும்பவில்லை. “ஊசி தளந்திருக்கு. பையில போடாத, வளைஞ்சுரும். கையிலயே வெச்சுக்க.”

கையில்தான் இருந்தது. ஊசி முனை உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது, அவள் பிடியைத் தளர்த்தவில்லை. தெருவில் சேறும் பனியும் கலந்திருந்தன, கணுக்கால் வரை கால் இறங்கியது. சங்கக் கட்டடத்துக்கு இடது பக்கம் போக வேண்டும், மூன்று தெரு. ஆர்டெல்லா வீட்டுக்கு வலது பக்கம். மணி நாலே கால். பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து ஆர்டெல்லா இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாள். ஸ்னீடின் மேஜையில் அந்தப் பேட்ஜை வைக்க வேண்டிய கை தன்னுடையது இல்லை. முகம் மேலே வைப்பதா, முதுகு மேலே வைப்பதா என்பதையும் ஆர்டெல்லாவே பார்த்துக்கொள்ளட்டும்.

வெர்னீஸ் வலது பக்கம் நடந்தாள்.